நரி பரியான கதையும் அறிஞர் கேட்ட கேள்விகளும்

புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே, ஆவுடையார்கோயில் என்னும் ஊர் உள்ளது. மாணிக்கவாசகர் பாடிய திருப்பெருந்துறை இதுவே என்பது சைவ மரபு. 1974 சனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமையும்வரை இவ்வூர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்குள்ள கோயிலின் மண்டபத் தூண்களில் குதிரைகளையும் குதிரை வீரரையும் காணலாம். குதிரைமேல் வரும் சிவனையும் காணலாம். ஆனால் அம்மண்டபங்களைக் கடந்து கருவறையை நோக்குவோர்க்கு அங்கே இலிங்க வடிவம் தென்படுவதில்லை. பீடமாகிய ஆவுடையார் மட்டுமே உண்டு. நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. ஆத்மநாதர் என்று பெயர் பெற்ற இறைவனுக்குப் படைக்கப்படுவது புழுங்கலரிசிச் சோற்றின் ஆவி. தமிழ்நாட்டுப் புராணக் கதைகளுள் மிகவும் வியப்பான ஒன்றோடு பெயர் இணைந்த கோயிலின் உள்ளிடம் இவ்வாறு உருவமின்றி இருப்பது சிந்திக்கத் தக்கது.

அக்கதை நம் வாசகர் பலரும் அறிந்ததே. எனினும் பின்வரும் ஆராய்ச்சிக்கு வேண்டியிருத்தலால் சுருங்கச் சொல்லுவோம். மதுரைக்கு அண்மையிலுள்ள திருவாதவூரிற் பிறந்த வாதவூரர், அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர். கீழ்க்கடற் துறையில் வந்திறங்கிய குதிரைகளை வாங்கிவருமாறு அரசன் அவரிடம் பெரும்பொருள் கொடுத்து அனுப்பினான். வழியிலே திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் குருவாய் எழுந்தருளியிருந்த இறைவனைக் கண்டு அவர் ஆட்பட்டார். குதிரைக்கென்று கொணர்ந்த பொருள் கோயிற் பணியிலும் அடியார் பணியிலும் செலவாயிற்று. அரசனின் ஓலை வந்தது. ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று இறைவன் உரைத்ததை நம்பி, அமைச்சர் மதுரைக்குத் திரும்பினார். காட்டு நரிகள் குதிரைகளாயின. சிவனே குதிரை வணிகனாய் அவற்றைக் கொணர்ந்து பாண்டியனிடம் ஒப்புவித்தான். அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு, ஊளையிட்டுக்கொண்டு ஓடின. அமைச்சர் சுடுவெயிலில் நிறுத்தி ஒறுக்கப்பட்டார். வையை பெருகிற்று. கரையை அடைக்க ஆளனுப்ப வகையற்ற வந்தி என்னும் பிட்டு விற்கும் மூதாட்டிக்காக இறைவனே கூலியாளாய் வந்து மண் சுமந்தான். வேலையிற் குறை வைத்ததற்காகப் பிரம்படி பட்டான். அந்த அடி அரசன் முதல் எல்லார் மேலும் விழுந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 58 முதல் 61 வரையுள்ள படலங்கள் இவை.

இத்தகைய கதையொன்றைக் கற்றறிந்தோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே நம் பொருள். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மிகுபுனைவு, அறிவியல் புனைகதை ஆகிய இலக்கிய வகைகளை ஆராயும் தனித் துறையே தோன்றியது. அது பறக்கும் தட்டுகளையும் பேசும் விலங்குகளையும் பற்றிய வீண்பேச்சு என்று நம் இறையியல் கல்லூரிகளில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அத்துறை கேட்கக் கற்பித்த ஒரு கேள்வி, பிரசங்க பீடத்தில் நிற்போர்க்கு நேரடியாகப் பயன்படுவது. அதன் அருமையை உணர வேண்டுமாயின், அதற்குமுன் நம் முன்னோர் கேட்டுவந்த கேள்விகள் எவை என்று பார்த்தல் வேண்டும்.

முதற் கேள்வி, இது மெய்யா பொய்யா என்பது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் இரண்டே ஆண்டுகளில் தாம் திரட்டிய தமிழ் ஏட்டுச் சுவடிகளுக்குக் குறிப்புரையோடு ஒரு பட்டியல் வகுத்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு பற்றிப் பெருநூல் ஒன்று எழுதி முடித்தார். கதைகள் பொய்யென்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. இருந்தும், தாம் பொய்யென்று கருதியதைத் திரித்துக் கூறாமல், தமிழர் கூறியவாறே பதிவு செய்தார். அந்நூல் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, ஆலே நகரில் மிஷனுக்குத் துணைநின்ற பிராங்கே, புறமதத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்று அதை அச்சேற்றாது விட்டார். 1867இல் ஜெர்மான் என்பவர் சென்னையில் பதிப்பிக்கும்வரை, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அது கையெழுத்துப் படியாகவே கிடந்தது. பிராங்கேயின் அச்சத்தை நாம் முற்றிலும் இகழ்தல் ஆகாது. கதை என்பது பரவும் தன்மையது என்பதைச் சீகன்பால்குவைவிட அவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கேள்வி துண்டுப் பிரசுரங்களாய் வீதிக்கு வந்தது. புராணக் கதைகளை எடுத்து, இது நடக்கக்கூடியதா என்று ஏளனம் செய்வது ஒரு பிரசங்க முறையாகவே நிலைத்தது. அம்முறை நம்மிடமே திரும்பி வந்ததை நாம் மறத்தல் கூடாது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயரோடு அமர்ந்து திருமறைத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், அப்பணியாற் பெற்ற திருமறை அறிவைக்கொண்டே 1854இல் சைவதூஷணபரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார். சைவரின் வழிபாட்டில் எதை நீங்கள் பழிக்கிறீர்களோ, அதற்கு நிகரானது உங்கள் பழைய ஏற்பாட்டில் உள்ளது என்பது அந்நூலின் வாதம். இடம் சுட்டி, வசனம் சுட்டி எழுதப்பட்டது. நரி குதிரையாகுமா என்று கேட்டவர், கழுதை பேசுமா என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டிய காலம் வந்தது. மிஷனரிமார் அக்கேள்விக்கு அளித்த விடைகள் நம்பிக்கையுள்ளோரைத் திருப்திப்படுத்தின. கேட்டவரைத் திருப்திப்படுத்தினவா என்பது வேறு.

இந்நிலையில் போப்பையரின் பணி புதிய திருப்பமாயிற்று. 1839இல் பத்தொன்பது வயதினராய்த் தமிழ்நாட்டுக்கு வந்து, சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகமண்டலத்திலும் பணியாற்றி, இறுதிக் காலத்தில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் ஜி. யூ. போப். திருக்குறளை 1886இலும் நாலடியாரை 1893இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டபின், 1900இல், தம் எண்பதாம் வயதில், திருவாசகத்தை மூலமும் மொழிபெயர்ப்புமாய்க் கொணர்ந்தார். நமக்கு வேண்டியது மொழிபெயர்ப்பைக் காட்டிலும் அதன் முன்னுரைப் பகுதி. மாணிக்கவாசகரின் புராண வரலாற்றை அவர் ஒதுக்கவில்லை. படிப்படியாக, நரி பரியானது உட்பட, விரித்து எடுத்துரைத்தார். ஏளனம் செய்யவில்லை, நடந்ததென்றும் சொல்லவில்லை. அமைச்சரின் மனமாற்றத்தைக் கதையின் நடுவாக வைத்து, பவுல் அப்போஸ்தலரையும் அசிசி நகர்ப் பிரான்சிசையும் ஒருங்கே நினைவூட்டும் ஒருவராய் அவரைக் கண்டார். அதாவது, இது மெய்யா பொய்யா என்னும் கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்து, இக்கதை யாரைப் பற்றியது என்று கேட்டார். நம் மரபில் அவ்வாறு கேட்டது எளிய செயலன்று. எனினும் போப்பையர் இங்கேயே நின்றுவிட்டார் என்பதும் உண்மை. அற்புதத்தை அவர் மனமாற்றத்தைச் சுற்றியிருந்த உறையாகவே கொண்டார். உறையை நீக்கி உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது கேள்வி, எப்போது என்பது. இதைக் கேட்டவர் பெரும்பாலும் தமிழறிஞரே. இங்கேதான் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசரின் திருவாரூர்ப் பதிகம் ஒன்றில், நரியைக் குதிரையாக்கும் இறைவன் என்ற குறிப்பு வருகிறது. ஆகவே மாணிக்கவாசகர் அவருக்கு முற்பட்டவர் என்றனர் ஒரு சாரார். மறைமலையடிகள் 1930இல் வெளியிட்ட மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூலில் அவரை மூன்றாம் நூற்றாண்டினராக நிறுவ முயன்றார். மறுசாராரோ, திருக்கோவையாரில் வரகுணன் என்னும் பாண்டியன் பெயர் வருவதையும், சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் மாணிக்கவாசகர் பெயர் வெளிப்படையாக இல்லாமையையும் காட்டி, ஒன்பதாம் நூற்றாண்டே அவர் காலம் என்றனர். இன்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்வது இதுவே. அவ்வாறாயின் நாவுக்கரசர் குறிப்பது யாரை? நரி பரியான கதை மாணிக்கவாசகருக்கு முன்னமே சிவனின் திருவிளையாடலாக வழங்கி, பின்னர் அவர் வாழ்வோடு இணைந்திருக்கலாம் என்பது அவர்தம் விடை. திருவாசகத்திலும் இச்செயல் இறைவனின் புகழாகவே பேசப்படுகிறது. அமைச்சராகிய தமக்கு நேர்ந்த இடரைத் தீர்க்கவே இது நடந்தது என்று அவர் கதையாக விரித்துச் சொல்லவில்லை. ஆக, நடக்கவே முடியாதது என்று சிலர் தள்ளிய நிகழ்ச்சியொன்றே, ஒரு புலவரின் காலத்தைக் கணிக்கும் அளவுகோலாய்ப் பயன்பட்டது! கதை மெய்யோ பொய்யோ, அது சொல்லப்பட்ட காலம் மெய்யானது என்பதை அறிஞர் இவ்வகையில் அறிந்துகொண்டனர்.

மூன்றாவது, கதை எங்கிருந்து எழுந்தது என்னும் கேள்வி. குதிரை தென்னாட்டில் இனிது வளரும் விலங்கன்று. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல் வழியே அவை வந்திறங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாமல் குதிரை வாங்குவதையும், பராமரிப்பு அறியாமையால் அவை விரைவில் மடிந்துபோவதையும், நாட்டின் செல்வம் பெருமளவு இதிற் கரைவதையும் எழுதிவைத்தார். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் கரையோரத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்கள் உள்ளன. ஆவுடையார்கோயில் அக்கரைக்கு அண்மையது. காலையில் கருவூலத்தைக் காலி செய்து வாங்கிய குதிரை மறுநாட் காலையில் இலாயத்தில் இல்லை என்பது பாண்டியர் அறிந்த துயரமே. நரிக்கதையின் கற்பனை இந்த மண்ணில் வேரூன்றியது என்று கருதுவதில் தவறில்லை. இதை உறுதியான முடிபாகவன்றி, ஒரு கருத்தாகவே முன்வைக்கிறோம்.

இதே மூன்றாம் கேள்வியைத் திருமறையை நோக்கிக் கேட்டவர் ஜெர்மானிய அறிஞர் எர்மான் குங்கெல். 1901இல் ஆதியாகமத்துக்கு உரை எழுதியபோது அதன் கதைகளை வாய்மொழி மரபாய் ஆராய்ந்த அவர், 1917இல் பழைய ஏற்பாட்டில் நாட்டுப்புற அற்புதக் கதைகளின் கூறுகளைத் தனிநூலாகவே எழுதினார். இறையியல் மாணவருக்கு அவர் பெயர் புதிதன்று. ஆனால் அவர் திறந்த வழி எத்தகைய சிக்கலுக்கு நம்மைக் கொண்டுசெல்லும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். நியாயாதிபதிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் யோதாம் மலையுச்சியில் நின்று, மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடிய கதையைச் சொல்லுகிறான். ஒலிவமரம் பேசுகிறது, அத்திமரமும் திராட்சச்செடியும் பேசுகின்றன, முட்செடியும் பேசுகிறது. மரம் பேசுமா என்று எந்தச் சபையிலும் எவரும் கேட்டதில்லை. எண்ணாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்திலோ பிலேயாமின் கழுதை பேசுகிறது. அங்கே மட்டும் எல்லாரும் கேட்கின்றனர். இரண்டும் ஒரே திருமறையில் உள்ளவை. இரண்டிலும் பேசாதவை பேசுகின்றன. வேறுபாடு நிகழ்ச்சியில் இல்லை. கதை தன்னைக் கேட்போரிடம் எதை வேண்டுகிறது என்பதில் இருக்கிறது. யோதாமின் கதை, மரம் பேசியதை நம்பு என்று வேண்டவில்லை. அபிமெலேக்கு யார் என்று அறிந்துகொள் என்று வேண்டுகிறது. பிலேயாமின் கதை வேண்டுவது அதனினும் கடினமானது.

மெய்யா, எப்போது, எங்கிருந்து என்னும் மூன்றினும் வேறான நான்காம் கேள்வி இதுவே. இதைக் கூர்மையாகக் கேட்கக் கற்பித்தவர்கள் மிகுபுனைவை ஆராய்ந்தோர். 1939 மார்ச் 8ஆம் நாள், ஸ்காத்துலாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் டோல்கின் தேவதைக் கதைகளைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவை இத்துறையின் அடிக்கல் எனலாம். அவர் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்தவர், கத்தோலிக்கர். அச்சொற்பொழிவு 1947இல், அவர் நண்பர் சி. எஸ். லூயிஸ் தொகுத்த கட்டுரைத் தொகுதியில் விரிவாக வெளிவந்தது. கதை கேட்பவன் தன் அவநம்பிக்கையை வலிந்து அடக்கிக்கொள்கிறான் என்ற பழைய கொள்கையை டோல்கின் ஏற்கவில்லை. நல்ல கதையாசிரியன் இரண்டாவதோர் உலகத்தைப் படைக்கிறான். அதனுள் நுழைந்தவன் அவ்வுலகின் விதிகளின்படி உண்மையாகவே நம்புகிறான். அந்த உலகம் உடைந்தால் மட்டுமே நம்பிக்கை முயற்சியாகிறது என்றார். எதிர்பாரா இறுதி மகிழ்ச்சியே தேவதைக் கதையின் உச்சம் என்று கூறி, சுவிசேஷம் அத்தகைய கதை வரலாற்றினுள் நுழைந்தது என்று முடித்தார். இம்முடிவைப் பாராட்டும் நம்மவர், அதற்கு முன்னுள்ள வாதத்தைப் படிக்காமல் இதைமட்டும் எடுத்தாளுவதும் உண்டு.

பல்கேரியாவிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த தோதரோவ் 1970இல் வேறொரு வரையறை தந்தார். நம் உலகின் விதிகளுக்குள் அடங்காத ஒன்று கதையில் நிகழ்கிறது. அது மயக்கமா, உண்மையா என்று பாத்திரமும் வாசகனும் தயங்கி நிற்கின்றனர். அந்தத் தயக்கம் நீடிக்கும்வரைதான் அவ்விலக்கிய வகையும் நீடிக்கிறது. இயற்கையான விளக்கம் கிடைத்தால் கதை ஒரு பக்கம் சாய்கிறது. தெய்விகத்தையோ மந்திரத்தையோ ஏற்றுக்கொண்டால் மறுபக்கம் சாய்கிறது. அறிவியல் புனைகதையை ஆராய்ந்த தார்கோ சுவின், 1979இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில், அவ்வகைக் கதை நம் உலகத்தை நமக்கு அந்நியமாக்கிக் காட்டி, அதை அறிவால் ஆராயத் தூண்டுகிறது என்றார். தொன்மக் கதையோ உலகம் ஏன் இவ்வாறிருக்கிறது என்பதற்கு ஒரேயடியாக விடை சொல்லிவிடுகிறது என்று அதை அவர் புறத்தே நிறுத்தினார். இந்த ஆராய்ச்சிக்கு ஏடுகளும் தோன்றின. 1959இல் எக்ஸ்ட்ராபொலேஷன் என்னும் முதல் ஆய்விதழைத் தாமஸ் கிளேர்சன் தொடங்கியது அமெரிக்காவின் ஊஸ்டர் கல்லூரியில். பிரஸ்பிட்டேரியன் திருச்சபையார் 1866இல் நிறுவிய கல்லூரி அது. நம்மவரின் கல்லூரியொன்று இதற்கு இடங்கொடுத்தது என்று அறியும்போது சிறிது ஆறுதல் உண்டாகிறது.

புதுக்கோட்டை மாவட்டமே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டுத் தருகிறது. மந்திரமும் மாயமும் நிறைந்த கதைகளைத் தமிழ்ச் சிறுவர்க்கு இரண்டு தலைமுறையாய் எழுதித் தந்த வாண்டுமாமா (வி. கிருஷ்ணமூர்த்தி, 1925-2014) இம்மாவட்டத்து அரிமளத்திற் பிறந்தவர். கோகுலம், பூந்தளிர் ஆகிய இதழ்களின் வாசகர் அவரை அறிவர். அவர் கதையில் நடப்பது மெய்யா என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை; எந்தப் போதகரும் அதை மறுத்துப் பிரசுரம் எழுதியதில்லை. 1980களில் சுஜாதா எழுதிய என் இனிய இயந்திராவில் ஜீனோ என்னும் இயந்திர நாய் பேசுகிறது, வாதாடுகிறது. அதையும் எவரும் மறுக்கவில்லை. பேசும் நாய்க்கும் பரியாகும் நரிக்கும் இடையே, நடக்கக்கூடியது எது என்னும் அளவில் பெரிய தூரமில்லை. அரிமளத்துக் கதையாசிரியர் தம் வாசகரோடு செய்துகொண்ட உடன்படிக்கை வேறு. ஆவுடையார்கோயிற் கதை தன் அடியாரோடு செய்துகொண்டது வேறு. அவ்வேறுபாடே பொருள்.

இப்போது நான்காம் கேள்வியோடு நரிக்கதையை மீண்டும் படித்துப் பார்ப்போம். இறைவனால் எதுவும் ஆகும் என்று காட்டுவதே கதையின் நோக்கமாயின், குதிரைகள் குதிரைகளாகவே நின்றிருக்கும். மதனகாமராசன் கதை போன்ற மாயக்கதைகளில் மந்திரம் பலித்தால் நாயகனுக்கு அரசும் அரசியும் கிடைக்கின்றன. இங்கே அற்புதம் ஓர் இரவு தாங்கவில்லை. அது அடியாரை மீட்கவும் இல்லை. முன்னிலும் கொடிய தண்டனைக்கே ஆளாக்குகிறது. முதலில் பொருளை இழந்த அமைச்சர், இப்போது அரசனை ஏமாற்றியவராகவும் ஆகிறார். இலாயத்துப் பழைய குதிரைகளும் நாசமாயின என்று புராணம் எடுத்துச் சொல்லுவது கூர்ந்து நோக்கத்தக்கது. தன் கதாநாயகனுக்கு எதிரான கணக்கைத் தானே எழுதிவைக்கும் கதை இது. அரசுப் பொருளைக் கோயிலுக்குச் செலவிட்டது முறையா என்ற கேள்வியை அது மூடி மறைக்கவில்லை. அரசனின் கோபத்துக்கு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறது. தோதரோவ் கூறிய தயக்கத்தில் நிற்பவன் பாண்டியனே. பகலில் கண்ட குதிரை மெய்யா, இரவில் கேட்ட ஊளை மெய்யா என்று அவன் திகைக்கிறான். கதை அவனை அத்திகைப்பிலிருந்து வெளியேற்றுவது இன்னொரு பெரிய அற்புதத்தால் அன்று. கூலியாள் ஒருவன் முதுகில் விழுந்த பிரம்படி தன் முதுகிலும் விழுந்ததை அவன் உணர்வதால்தான். நரியைப் பரியாக்கிய வல்லமையிலிருந்து, பிட்டுக்கு மண் சுமந்து அடிபடும் தாழ்மைக்குக் கதை இறங்கிச் செல்லுகிறது. வல்லமை தோற்ற இடத்தில் அடி வெல்லுகிறது. போப்பையர் உறையென்று கருதிய அற்புதம், இவ்வாறு பார்த்தால், கதையின் வாதமே ஆகும். அதை நீக்கினால் இந்த இறக்கம் எங்கிருந்து தொடங்கியது என்பது விளங்காது.

ஏசாயா 53ஆம் அதிகாரத்தைப் படித்தவர்க்கு இவ்விடத்தில் மனம் ஓடும் திசை தெரிந்ததே. ஆனால் அவசரப்பட்டு இக்கதையை நமதாக்கிக்கொள்ளுதல் நேர்மையாகாது. அங்கே அடிபடுபவர் பிறருடைய மீறுதல்களைச் சுமக்கிறார். இங்கே மண் சுமப்பவன் அதை விளையாட்டாகவே செய்கிறான். இது திருவிளையாடல் என்பதைச் சைவர் மறந்ததில்லை. மதுரையில் ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் நரி பரியாவதையும் மண் சுமப்பதையும் நடித்துக் காட்டும்போது கூட்டத்தில் சிரிப்பும் உண்டு, கண்ணீரும் உண்டு. சிலுவைப் பாடுகளின் வாரத்தில் நம் ஆலயங்களில் சிரிப்புக்கு இடமில்லை. இந்த வேறுபாட்டை அழிக்காமலே இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முடியும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. நாம் துணைக்கழைத்த ஆராய்ச்சித் துறையின் பெயரையே எடுத்து, புராணங்களும் மிகுபுனைவே என்று சொல்லிவிடுவது இன்று படித்தவரிடையே பெருகி வருகிறது. பொய் என்ற பழைய சொல்லைவிட அது மரியாதையாக ஒலிக்கிறது; ஆனால் செய்வது அதையேதான். கருவறையின் முன் கைகூப்பி நிற்கும் மூதாட்டி இரண்டாவது உலகம் ஒன்றுக்குள் நுழைந்து, வெளியே வரும்போது அதை விட்டுவிட்டு வருபவளல்லள். அவளுக்கு இருப்பது ஓர் உலகமே. பிலேயாமின் கழுதையையும், மிதந்த கோடரியையும், யோனாவை விழுங்கிய மீனையும் அவ்வாறு பெயரிட்டால் நம் சபையிலுள்ள மூதாட்டிக்கு எவ்வாறிருக்கும் என்பதை நாம் அறிவோம். 1941இல் புல்ட்மான் புதிய ஏற்பாட்டிலிருந்து தொன்மத்தை விலக்கி விளக்கவேண்டும் என்று உரையாற்றியபோது எழுந்த புயலை இறையியல் மாணவர் படித்திருக்கின்றனர். ஆகையால் அத்துறையிடமிருந்து நாம் பெறவேண்டியது அதன் கேள்வியை. அதன் பெயர்ச்சீட்டை அன்று. இக்கதை தன்னைக் கேட்போரிடம் எதை வேண்டுகிறது என்று கேட்பதற்கு, கேட்போரோடு அமர்ந்து கதையை முழுவதும் கேட்டிருத்தல் வேண்டும். பிரசங்கத்திற்கு எடுத்துக்காட்டாகப் பாதிக் கதையை வெட்டி எடுப்போர்க்கு, குதிரைகள் நரியானதும் தெரியாது. அதற்குப்பின் விழுந்த அடியும் தெரியாது.

போப்பையரைப் பற்றியே ஒரு கதை வழங்குகிறது. தம் கல்லறையில் தம்மை ஒரு தமிழ் மாணவன் என்று பொறிக்கவேண்டும் என அவர் கேட்டுக்கொண்டார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டிருக்கிறது என்றும் தமிழ்நாட்டு மேடைகளில் பல்லாண்டாகச் சொல்லிவருகின்றனர். 1908இல் மறைந்த அவர் ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அக்கல்லில் அச்சொற்கள் இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்ற செய்தியும், அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு நிறுவிய கல் அது என்ற குறிப்புமே உள்ளன. ஆயினும் அந்தக் கல்லை நேரிற் சென்று படித்துவந்தவர்களும், ஊர் திரும்பியபின், பழைய கதையையே சொல்லக் கேட்கிறோம்.